நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதி எடுப்பதற்கு முன்

செல்லப் பிராணிக்குக் காப்புறுதி எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது ஆண்டு வரம்பைத்தான். ஐயாயிரம் ரிங்கிட் தருவார்களா, பத்தாயிரம் தருவார்களா என்று இரண்டு விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எண் பெரிதாக இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் நாளைக்குப் பணம் கைக்கு வருமா வராதா என்பதைச் சொல்லக்கூடிய தாள் வேறு. அது கிளினிக் அலமாரியில் உங்கள் நாயின் பெயரில் இருக்கும் அட்டை. பாலிசி தொடங்குவதற்கு முன் அந்த அட்டையில் டாக்டர் என்ன எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்பதைப் பொறுத்துத்தான் கிளெய்ம் தேறும்.

காப்புறுதிக்காரர்கள் இதை ‘முன்பே இருந்த நிலை’ என்பார்கள். நோய்க்கு டாக்டர் பெயர் வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அறிகுறி தெரிந்திருந்தாலே போதும். செந்தூலில் ஒரு வீட்டில் மூன்று மாதக் குட்டி காதைச் சொறிகிறது என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் டாக்டர் காதைப் பார்த்து, சுத்தம் செய்து, சொட்டு மருந்து கொடுத்து, ‘இரு காதிலும் அழற்சி, அரிப்பு’ என்று அட்டையில் ஒரு வரி எழுதுகிறார். சின்னச் செலவு. ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். எட்டு மாதம் கழித்துப் பாலிசி எடுக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் காது முற்றி அறுவை சிகிச்சை வரை போகிறது. கிளெய்ம் பிரிவு முதலில் கேட்பது குட்டியாக இருந்த காலத்திலிருந்து உள்ள மருத்துவப் பதிவு. அந்த ஒரு வரி அங்கே இருக்கிறது. காது சம்பந்தப்பட்ட எதுவும் சேராது. ‘அரிப்பு’ என்றும் எழுதியிருப்பதால் தோல் ஒவ்வாமையையும் சேர்த்தே விலக்கி வைக்க இடம் இருக்கிறது. காது அழற்சி திரும்பத் திரும்ப வரும் நாய்களில் பலவற்றுக்கு அடியில் தோல் ஒவ்வாமைதான் காரணம் என்பதால், அவர்கள் சொல்வதை முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

மூட்டு விஷயத்தில் இது இன்னும் கடுமை. இடது பின்னங்காலில் தசைநார் அறுந்தது பாலிசிக்கு முன் என்றால், பிறகு வலது காலில் அறுந்தாலும் பல பாலிசிகள் அதைப் பழைய நோயாகவே கணக்கில் எடுக்கும். ஒரு கால் போன நாய்க்கு மறு காலும் போகும் வாய்ப்பு அதிகம் என்பது கால்நடை டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம், காப்புறுதிக்காரர்களுக்கும் தெரியும். ‘இருபுற நிலை’ என்ற பொருளில் ஒரு பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பொமரேனியன், டாய் பூடுல் வகைகளுக்கு முழங்கால் சில்லு நழுவும் என்பதால், அவற்றை வளர்ப்பவர்கள் இந்தப் பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

அதனால் எடுப்பது என்று முடிவானால், தள்ளிப் போடாமல் எடுக்க வேண்டும். பல பாலிசிகள் எட்டு வார வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கின்றன. இரண்டாவது தடுப்பூசி போடும் சமயம்தான் நல்ல சமயம். அட்டை அப்போது ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அம்பாங்கிலோ ஜெலுத்தோங்கிலோ உள்ள எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கக் காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுக்கிறவர்களுக்குப் பழைய வரலாறு தெரியாது. அப்படிப்பட்ட நாயை ஒரு டாக்டரிடம் முழுமையாகப் பரிசோதித்து, இரத்தப் பரிசோதனையும் செய்து, ‘இன்ன தேதியில் நலமாக இருக்கிறது’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது குறை தெரிந்தால் அது விலக்காகிவிடுமே என்று தயங்கத் தேவையில்லை. குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்வதே நாய்க்கு முக்கியம். குறை இல்லையென்றால் அந்தத் தாளே பின்னால் உங்கள் சாட்சி.

அடுத்தது காத்திருப்புக் காலம். விபத்துக்குச் சில நாள்கள், அல்லது உடனடியாகவே பாதுகாப்பு. நோய்க்குப் பெரும்பாலும் 14 முதல் 30 நாள்கள். சில பாலிசிகளில் தசைநார், மூட்டுப் பிரச்சினைகளுக்குத் தனியாக இன்னும் நீளம். இதில் ஏமாற்றம் எப்படி வருகிறது என்று பாருங்கள். மார்ச் 1 அன்று பாலிசி தொடங்குகிறது, காத்திருப்பு 30 நாள், அதாவது மார்ச் 30 வரை. ஏப்ரல் 3 அன்று நாய் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது என்று கிளினிக்குக் கொண்டுபோகிறீர்கள். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, உண்ணிக் காய்ச்சல் உறுதியாகிறது. “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்கிறார். “ஒரு பத்து நாளா கொஞ்சம் சோர்வாத்தான் இருக்கு டாக்டர்” என்று வாய்ப்போக்கில் சொல்கிறீர்கள். அவர் ‘10 நாள்களாகச் சோர்வு’ என்று எழுதுகிறார். பில்லில் உள்ள தேதி ஏப்ரல் 3தான். ஆனால் அறிகுறி தொடங்கியது மார்ச் 24 என்று பதிவு சொல்கிறது. கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

இதற்குப் பொய் சொல்வது வழி ஆகாது. டாக்டருக்கு உண்மையான நாள் கணக்கு தெரியாவிட்டால் சிகிச்சையே தவறிப் போகலாம். ஆனால் நாம் பேச்சுவாக்கில் ‘ஒரு பத்து நாள்’ என்று சொல்லும்போது அது நான்கு நாளாகவும் இருக்கலாம். எப்போது சாப்பாட்டை விட்டது, எப்போது வாந்தி எடுத்தது என்று கைபேசியில் குறித்து வைத்து, அந்தத் தேதியைச் சொல்லுங்கள். சந்தேகம் வந்த அன்றே போவது அதைவிட நல்லது. உண்ணி கடித்து ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகே காய்ச்சல் வெளியே தெரியும் என்பதால், காத்திருப்புக் காலம் முழுக்க உண்ணித் தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் பலருக்கு மெடிக்கல் கார்டு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி கவுன்டரில் அட்டையைக் காட்டினால் உத்தரவாதக் கடிதம் வந்துவிடும், கையில் காசு இல்லாமலே சேர்ந்துவிடலாம். செல்லப் பிராணிக் காப்புறுதி பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முழுப் பணத்தையும் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு ரசீதைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு அவசர கிளினிக் முன்பணமாகக் கேட்கும் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலோ கடன் அட்டையிலோ இருந்தாக வேண்டும். இது தெரியாமல் பாலிசி எடுத்தவர்கள், நாயைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் திகைத்து நிற்பதைவிட வேதனையான காட்சி கிடையாது. காப்புறுதிக் கம்பெனியே நேரடியாகக் கட்டணம் செலுத்தும் கிளினிக்குகளின் பட்டியல் இருக்கிறது என்று ஏஜெண்ட் சொன்னால், அதில் உங்கள் வீட்டுக்கு அருகில் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கிளினிக் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஒரு பில்லைக் கையில் எடுத்துக் கணக்குப் போடுவோம். கணக்கு புரிவதற்காக வைத்த எண்கள் இவை, உங்கள் கிளினிக்கில் விலை வேறாக இருக்கும். பட்டர்வொர்த்தில் ஒரு நாட்டு நாய், உண்ணிக் காய்ச்சல் முற்றி இரத்தம் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. டாக்டர் கட்டணம் 50 ரிங்கிட். முழு இரத்தப் பரிசோதனை 180. உண்ணிக் காய்ச்சலுக்கான துரிதப் பரிசோதனை 140. மூன்று இரவு தங்கியது, இரவுக்கு 120 வீதம் 360. டிரிப் 150. இரத்தம் ஏற்றியது 600. 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 90. உண்ணித் தடுப்பு மாத்திரை 95. டப்பாவில் வரும் சிறப்பு உணவு 60. மொத்தம் 1,725 ரிங்கிட்.

முதலில் கழிவது எவை? உண்ணித் தடுப்பு மாத்திரை ‘தடுப்புச் செலவு’, சிறப்பு உணவு ‘உணவு’, இரண்டும் வழக்கமாகச் சேராது. 155 போய் 1,570 நிற்கிறது. பாலிசியில் கழிவுத் தொகை 150 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம், கார் காப்புறுதியில் நாம் எக்செஸ் என்கிறோமே, அதுதான். அதற்கு மேல் 20% உங்கள் பங்கு. கழிவை முதலில் எடுத்தால் 1,420 ரிங்கிட்டில் 80%, அதாவது 1,136 கைக்கு வரும். உங்கள் பங்கை முதலில் கழித்துவிட்டு எக்செஸை எடுத்தால் 1,256 போக 150, மீதி 1,106. எந்த வரிசையில் கழிப்பார்கள் என்பதால் வரும் வித்தியாசம் முப்பது ரிங்கிட், பெரிதில்லை. பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. அதே பாலிசியில் ‘ஒரு நோய்க்கு அதிகபட்சம் 1,000’ என்று உள்வரம்பு இருந்தால், ஆண்டு வரம்பு பத்தாயிரமாக இருந்தாலும் உங்களுக்கு வருவது ஆயிரம்தான். மீதி 725 உங்கள் பையிலிருந்து.

அதனால் ஆண்டு வரம்பைப் பார்ப்பதற்கு முன் உள்வரம்புகளைப் பாருங்கள். ஒரு தடவை வருகைக்கு எவ்வளவு, ஒரு நோய்க்கு எவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு, ஸ்கேனுக்குத் தனி உச்சம் இருக்கிறதா. எக்செஸ் ஆண்டுக்கு ஒரு முறையா, ஒவ்வொரு கிளெய்முக்குமா. ஒவ்வொரு கிளெய்முக்கும் 150 என்றால், 200 ரிங்கிட் பில்லுக்குக் கிளெய்ம் போடுவதில் அர்த்தமே இல்லை. 50 ரிங்கிட்டில் 80%, நாற்பது ரிங்கிட்தான் வரும். சின்னச் சின்ன வருகைகளை நீங்களே பார்த்துக்கொண்டு, பெரிய செலவுக்கு உயர்ந்த வரம்பு வைத்திருக்கும் பாலிசியே என் பார்வையில் நல்ல பாலிசி. நூறு இருநூறுக்காகக் காப்புறுதி தேவையில்லை. நாலாயிரம் ஐயாயிரம் என்று டாக்டர் சொல்லும்போது, பணம் இல்லாததால் ‘தூங்க வைத்துவிடுங்கள்’ என்று சொல்ல நேராமல் இருப்பதற்குத்தான் அது தேவை.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அப்படிப்பட்ட பெரிய செலவு எதில் வருகிறது? உண்ணிக் காய்ச்சல் ஆண்டு முழுக்க உண்டு, நம் ஊரில் உண்ணிக்கு ஓய்வு தரும் குளிர்காலம் கிடையாது. தடுப்பூசி முடியாத குட்டிகளுக்குப் பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் வரும். தாமான் சாலைகளில் மோட்டாரில் அடிபட்டு எலும்பு முறியும், தீபாவளி இரவில் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடும் நாய்களுக்கு இது அதிகம். கொண்டோக்களில் வலை போடாத ஜன்னலிலிருந்து பூனை விழும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறலும் வெப்பத் தாக்கமும் வரும். டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டு நழுவி, ஒரே நாளில் பின்னங்கால்கள் செயலற்றுப் போகும், எம்ஆர்ஐயும் அறுவை சிகிச்சையும் சேர்ந்தால் செலவு எங்கேயோ போய்விடும். பினாங்கிலிருந்து சிறப்பு மருத்துவருக்காக செர்டாங்கில் உள்ள யுபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை வரை கொண்டுபோக நேர்ந்தால், பயணச் செலவைப் பாலிசி பொதுவாகத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பூனை மணல் தட்டுக்குப் போகிறது, குந்துகிறது, எதுவும் வரவில்லை. வெளியே வந்து அடிவயிற்றுக்குக் கீழே நக்குகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போகிறது. ஒரு துளி, அதில் இலேசான சிவப்பு. கத்துகிறது. வீட்டில் ‘மலச்சிக்கல் போல’ என்று பப்பாளி கொடுத்துப் பார்ப்பார்கள். அது மலச்சிக்கலாக இராது, சிறுநீர்க் குழாய் அடைத்துவிட்டது. ஆண் பூனையின் குழாய் மிகக் குறுகலானது. சளியும் படிகத் துகளும் சேர்ந்து அடைத்தால் மூத்திரப்பை எலுமிச்சை போல இறுகிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தை நிறுத்தும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். கிளினிக்கில் மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை எடுத்து, டிரிப் ஏற்றி, இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் மறுபடி அடைக்கும் பூனைகள் நிறைய. பலமுறை அடைத்தால் குழாயை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை.

இந்த ஒரு நோயை வைத்தே ஒரு பாலிசியின் தரத்தை அளந்துவிடலாம். முதல் அடைப்பும் மூன்று வாரம் கழித்து வந்த இரண்டாம் அடைப்பும் ஒரே நோயா, இரண்டு நோயா? ஒரே நோய் என்றால் உள்வரம்பு முதல் தடவையிலேயே தீர்ந்திருக்கும். இரண்டு என்றால் எக்செஸ் இரண்டு முறை கழியும். அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பித்தபின் மூன்றாவது அடைப்பு வந்தால் பணம் வருமா, அல்லது ‘சென்ற ஆண்டே இருந்த நோய்’ என்று விலக்குவார்களா? இந்த மூன்று கேள்வியையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக ஏஜெண்ட் ‘எல்லாம் கவர் ஆகும் அண்ணே’ என்று சொன்னதை யாரும் பின்னால் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

அந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. இந்தக் காப்புறுதி ஓராண்டு ஒப்பந்தம். சர்க்கரை நோய், சிறுநீரகக் குறைபாடு, வலிப்பு, தோல் ஒவ்வாமை எல்லாம் ஓராண்டில் முடிகிற நோய்களா என்ன? ஒரு நோய் வந்துவிட்டால் அந்த நாய் சாகும் வரை மருந்து. புதுப்பித்தால் தொடர்ந்து தரும் பாலிசி ஒரு வகை, அந்த ஆண்டோடு அந்த நோயை மூடிவிடும் பாலிசி இன்னொரு வகை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். நோய் வந்தபின் வேறு கம்பெனிக்கு மாறினால், அங்கே அது முன்பே இருந்த நிலை ஆகிவிடும். விலை குறைவு என்று ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க இது கார் காப்புறுதி இல்லை. காரில் ஐந்தாண்டு கிளெய்ம் போடாவிட்டால் பிரீமியத்தில் 55% தள்ளுபடி கிடைக்கும். இங்கே நாய்க்கு வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும் என்றே எதிர்பாருங்கள். புதிதாகச் சேர ஓர் உச்ச வயது இருக்கும், புதுப்பிக்க இன்னோர் உச்ச வயது இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நோய் வருகிற வயதில் கதவை மூடும் பாலிசிக்கு எட்டு வருடம் பணம் கட்டியிருந்தால் மனம் தாங்காது.

விளம்பரத்தில் உள்ள பிரீமியத்தோடு சேவை வரியும் முத்திரைத் தீர்வையும் சேரும். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8%. 400 ரிங்கிட் பிரீமியம் என்றால் வரி 32, முத்திரைத் தீர்வை 10, ஆக 442.

தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் எதிரே மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி. பக்கத்தில் தேதி, டாக்டரின் கையெழுத்து, கிளினிக் முத்திரை. செல்லப் பிராணிக் கடையிலோ குட்டி விற்றவரிடமோ ‘ஊசி போட்டாச்சு’ என்று கொடுத்த புத்தகத்தில் பேனாவால் எழுதிய தேதி மட்டும்தான் இருக்கும். அது தடுப்பூசிச் சான்று ஆகாது. 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின்கீழ் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர் போட்டிருக்க வேண்டும். தடுப்பூசி தவறியிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய், வெள்ளத்துக்குப் பிறகு வரும் எலிக் காய்ச்சல் ஆகியவற்றுக்கான கிளெய்ம் எடுபடாது. இதயப் புழுவுக்கும் இதே கதை. கொசுக்கள் நிறைந்த ஊரில் மாதாந்திரத் தடுப்பு கொடுக்கவில்லை என்றால், ‘தடுத்திருக்கலாம்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். மருந்து வாங்கிய ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

வீட்டு மருந்து இன்னொரு பள்ளம். பூனைக்குக் காய்ச்சல் என்று கால் மாத்திரை பனடோல் கொடுக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. பூனையின் கல்லீரலால் பாரசிட்டமோலை உடைத்து வெளியேற்ற முடியாது. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கிறது, முகம் வீங்குகிறது, ஈறு பழுப்பாகிறது, உயிர் போகிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். சாம்பார் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் சிவப்பணுக்களை அழிக்கும், உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மீந்த சாம்பார் சாதத்தையும் பாயசத்தையும் வைத்துவிட்டுக் கிளெய்ம் போட்டால், ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்ற விலக்கைக் காட்ட அவர்களுக்கு வழி இருக்கிறது.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் வரும் இழப்பீட்டையும் சில பாலிசிகள் ஏற்கும். அதற்கு நாய் உரிமம் முறையாக இருக்க வேண்டும். உரிமம் தருவது கோலாலம்பூரில் டிபிகேஎல் என்ற மாநகர் மன்றம், பினாங்குத் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பட்டர்வொர்த் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றம். 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது எத்தனை நாய்கள் கொல்லப்பட்டன என்பதை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரசு உத்தரவால் பிராணி பறிமுதலானாலும் கொல்லப்பட்டாலும் காப்புறுதி தராது என்ற விலக்கு வழக்கமானது. இறக்குமதிக்குத் தடை உள்ள பிட்புல் வகை, தோசா போன்ற இனங்களைச் சேர்ப்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தை அப்பா அம்மா பெயரில் பிள்ளைகள் நிரப்புவது நம் வீடுகளில் சகஜம். நாயைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குத்தான் அது போன மாதம் நொண்டியது தெரியும், படிவம் நிரப்புகிற மகனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு நிரப்புங்கள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆவது அட்டவணை இதில் உங்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது. தனிநபர் பாலிசியில் கம்பெனிதான் குறிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டும், நீங்கள் கவனத்தோடு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். தெரியாமல் நடந்த பிழை என்றால், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்பதைப் பொறுத்தே நடவடிக்கை எடுக்க முடியும். நிரப்பிய படிவத்தின் நகல் கையில் இருந்தால்தான் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று காட்ட முடியும். விவர அறிக்கைத் தாளும் முழுப் பாலிசியும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். முதலாவது சுருக்கம், விலக்குகளின் முழு வாசகம் இரண்டாவதில்தான் இருக்கும்.

எல்லா வீட்டுக்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். மாதம் 40 ரிங்கிட் ஒதுக்கினால் ஆண்டுக்கு 480 சேரும். குட்டி முதல் ஆண்டிலேயே கால் முறித்துக்கொண்டால் அந்த 480 எதற்கும் போதாது, அப்போது காப்புறுதிதான் கைகொடுக்கும். ஆறு ஏழு ஆண்டு சேர்ந்தால் மூவாயிரத்தைத் தொடும், அப்போது உங்கள் சேமிப்பே ஒரு காப்புறுதி. ஒன்றிரண்டு இளம் பிராணிகள் உள்ள வீடு பாலிசி எடுத்து, கூடவே கொஞ்சம் சேமித்தும் வரலாம். ஏழெட்டுத் தெருப் பூனைகளுக்குச் சோறு போடுகிற வீடு எல்லாவற்றுக்கும் பிரீமியம் கட்ட முயன்றால் தாங்காது. அந்தப் பணத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தால் பூனைகளுக்கு நன்மை அதிகம். பத்து வயது நாய்க்கு, ஏற்கெனவே அட்டை நிறைந்திருந்தால், சேமிப்புக் கணக்குதான் நேர்மையான ஆலோசனை.

கிளெய்ம் நாளில் செய்ய வேண்டியதை முன்னமே கிளினிக்கில் சொல்லிவையுங்கள். வரி வரியாகப் பிரித்த பில் வேண்டும். ‘சிகிச்சை 1,725’ என்று ஒரே வரியில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். நோயின் பெயர், அறிகுறி தொடங்கிய தேதி, பரிசோதனை முடிவுகள், வீட்டுக்கு அனுப்பிய குறிப்பு எல்லாம் சேர்ந்த மருத்துவச் சுருக்கம் வேண்டும். பில்லிலும் சுருக்கத்திலும் மைக்ரோசிப் எண் இருக்க வேண்டும். அது 15 இலக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி மணி அளவில் இருக்கும். சில சமயம் சிப் தோள் பக்கம் நகர்ந்துவிடும், சிப்பைப் படிக்கும் கருவியைக் கழுத்திலிருந்து முன்னங்கால் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கிடைக்கும். கிளினிக் அட்டையில் மனைவி பெயரில் ‘பிரவுனி’, பாலிசியில் கணவன் பெயரில் ‘மணி’ என்று இருந்தால் ஒரே நாய் என்று நிரூபிக்கவே இரண்டு வாரம் போகும். பாலிசி எடுத்த அன்றே அட்டையில் பெயரைச் சரி செய்துவிடுங்கள். கிளெய்ம் அனுப்பக் கெடு உண்டு, 30 நாள் என்பது பல இடங்களில் காணும் கெடு. நாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நாள் போவதே தெரியாது.

நிராகரித்துவிட்டால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பாலிசியின் எந்தப் பிரிவின்படி நிராகரித்தார்கள், மருத்துவப் பதிவின் எந்த வரியை வைத்து என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு முறையீடு செய்யுங்கள். அவர்களின் இறுதி முடிவு வந்த பிறகும் ஒத்துப்போகவில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் பயனீட்டாளருக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் கொண்டுபோகலாம். முன்பு நிதிச் சேவை ஓம்புட்ஸ்மன் என்று இருந்ததுதான் 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

முறையீட்டில் உங்கள் கோபத்தைவிட டாக்டரின் கடிதத்துக்குத்தான் எடை. பழைய குறிப்புக்கும் இப்போதைய நோய்க்கும் தொடர்பு இல்லை என்றால், அதை ஏன் இல்லை என்ற காரணத்தோடு எழுதித் தரக் கேளுங்கள்: அன்றைக்கு இருந்தது காதுப் பூச்சி, கண்ணாடி வில்லையில் வைத்துப் பார்த்தது, மருந்தில் முழுதாகக் குணமானது, இன்ன தேதியில் மறுபடி பார்த்தபோது காது சுத்தமாக இருந்தது, இப்போது வந்திருப்பது காதுக்குள் வளர்ந்த சதை. அந்த ‘மறுபடி பார்த்தபோது’ என்ற வரி அட்டையில் இருக்க வேண்டுமென்றால், குணமான பிறகும் ஒரு முறை நாயைக் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும். மருந்து முடிந்து ஒரு வாரத்தில் அந்த ஒரு நடை போய்விட்டு வாருங்கள், ‘குணமாகிவிட்டது’ என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.